சம்பா நடவுக் காலத்தில் மூட்டு நோயும் ஸ்கேன் பரிசோதனையும்

காவேரிப் பாசன ஜில்லாக்களாகிய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியவற்றில் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்னும் மூன்று மாதங்களும் குடியானவர்களுக்கு ஓய்வென்பதே இல்லாத காலமாகும். குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேலொன்றாக வந்து சேருகின்றன. நாற்றுப் பறித்தல், முடி கட்டுதல், வரப்பு அண்டை வெட்டுதல், பரம்படித்தல், நடவு, களையெடுப்பு, வடகிழக்குப் பருவமழையின் நீர் வயலில் தேங்காதபடி வடிகால் வெட்டுதல் ஆகிய யாவும் குறித்த நாட்களுக்குள் நடந்தேற வேண்டியவை. இவற்றில் பெரும்பாலான வேலைகள் குனிந்தோ, குந்தியோ, முழங்காலளவு சேற்றில் காலை இழுத்து நடந்தோ செய்யப்படுபவை. ஆகையால் கோடையில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாயிருந்த முழங்கால் வலியும், இடுப்பு வலியும், தோள் வலியும் இம்மாதங்களிலேயே மிகுந்து வருத்துகின்றன.

இச்சமயத்தில் குடியானவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை மேற்கொள்ளுகிறார்கள். சிலர் "தை அறுவடை முடியட்டும்" என்று மருந்துக் கடை மாத்திரைகளைக் கொண்டு நான்கு மாதம் தள்ளிப் போடுகிறார்கள். வேறு சிலர் வைத்தியரைக் கண்டு ஆலோசிப்பதற்கு முன்பே பட்டணத்திலுள்ள ஸ்கேன் நிலையத்துக்குச் சென்று, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு, அதன் அறிக்கையைக் கண்டு திகிலடைகிறார்கள். முன்னவருக்குச் சரீர நஷ்டமும், பின்னவருக்குப் பண நஷ்டமும், சில வேளைகளில் அவசியமில்லாத அறுவைச் சிகிச்சையும் நேருகின்றன. எந்த வலிக்கு எந்தப் படம் வேண்டும், அதை எப்பொழுது எடுக்க வேண்டும், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பவற்றை அறிந்துகொண்டால் இவ்விரு நஷ்டங்களையும் பெரிதும் தவிர்க்கலாம்.

1. மூட்டின் அமைப்பு

இரண்டு எலும்புகள் சந்திக்குமிடத்தில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அவற்றிற்கிடையே சிறிதளவு பசை போன்ற நீர் சுரக்கிறது. வண்டிச் சக்கரத்தின் அச்சுக்கு மசகு எவ்வாறு உதவுகிறதோ அவ்வாறே இந்நீர் மூட்டுக்கு உதவுகிறது. முழங்காலில் இவற்றுடன் பிறை வடிவமான இரண்டு குருத்தெலும்புத் தட்டுகளும் அமைந்து, உடலின் பாரத்தைப் பகிர்ந்து தாங்குகின்றன. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் உறுதியான நார்கள் மூட்டு நிலை தவறாமல் காக்கின்றன.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது, பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல், மேற்சொன்ன நீர் உள்ளே புகுந்து வெளியேறுவதால் மாத்திரமே அது போஷணை பெறுகிறது. ஆகவே அளவான அசைவு மூட்டுக்கு நன்மையானது; அளவு கடந்த பாரம் தீமையானது. ஒரு முறை தேய்ந்த குருத்தெலும்பு பழைய நிலைக்குத் தானே வளர்ந்துவிடுவதில்லை. தேய்மானம் முற்றும்போது எலும்பின் ஓரங்களில் சிறு முட்கள் போன்ற வளர்ச்சி தோன்றுகிறது. எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி குறுகுகிறது. மூட்டு வீங்கி விறைக்கிறது.

2. வயல் வேலையும் மூட்டுத் தேய்மானமும்

இந்நோய் முதுமையால் மாத்திரம் வருவதன்று. தொழிலுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் பல தேசங்களில் ஆராயப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1992ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நெடுங்காலம் விவசாயம் செய்தவர்களுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம், உட்கார்ந்து வேலை செய்தவர்களைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. சீன தேசத்தில் பெய்ஜிங் நகரத்து முதியோரைப் பரிசோதித்து 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மற்றோர் ஆராய்ச்சியில், வாலிப வயதில் நாளொன்றுக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ குந்தியிருந்த பழக்கமுடையவர்களுக்கு, அரை மணிக்கும் குறைவாகக் குந்தியிருந்தவர்களைவிட, முழங்கால் தேய்மானம் ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது.

நம் ஜில்லாக்களில் நாற்றங்காலில் குந்தி நாற்றுப் பறிப்பவர்களும், காலை முதல் பிற்பகல் வரையில் குனிந்து நடுபவர்களும், 40 கிலோ நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் தூக்கி அடுக்குபவர்களும் இத்தகைய பாரத்தை ஆண்டுதோறும் சுமக்கிறார்கள். நாற்றுப் பறிப்பிலும் நடவிலும் பெரும்பாலோர் ஸ்திரீகள். அவர்கள் வலியைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் வழக்கமுள்ளபடியால், நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். நிலச்சொந்தக்காரர்கள் இதைத் தங்கள் குடும்பத்தார் விஷயத்தில் மட்டுமன்றித் தங்கள் வயலில் வேலை செய்வோர் விஷயத்திலும் கவனிப்பது அவசியம்.

3. படமெடுக்கும் முறைகள்

எக்ஸ்ரே: ஜெர்மனி தேசத்து ராண்ட்கன் என்னும் விஞ்ஞானி 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் தேதி இக்கதிர்களைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படமெடுத்து எலும்புகளைக் காட்டினார். மூட்டு நோய்க்கு இன்றளவும் முதலில் எடுக்க வேண்டிய படம் இதுவே. எலும்பு முறிவு, எலும்பின் ஓர வளர்ச்சி, மூட்டு இடைவெளி குறுகுதல் ஆகியவை இதில் தெரியும். குருத்தெலும்பு இப்படத்தில் நேராகத் தெரியாது. எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் கொண்டே அதன் நிலை ஊகிக்கப்படுகிறது. ஆகையால் முழங்கால் தேய்மானத்துக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளி நின்றுகொண்டிருக்க வேண்டும். படுத்த நிலையில் பாரம் இறங்காதபடியால், குறுகிய இடைவெளியும் அகன்றதுபோல் தோற்றலாம். வலியில்லாத காலையும் உடன் எடுத்து ஒப்பிடுவது நலம். இதனால் சரீரத்தில் படும் கதிர்வீச்சு மிகச் சொற்பம். மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் இயற்கையாக ஒருவர்மேல் ஒரு நாளில் படுவதைவிட முழங்கால் எக்ஸ்ரே ஒன்றில் படுவது குறைவு. எனினும் கர்ப்பிணிகள் தங்கள் நிலையை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட்: காதுக்குக் கேளாத ஒலி அலைகளைச் செலுத்தி, அவை எதிரொலித்துத் திரும்புவதைப் படமாக்கும் முறை இது. மூட்டில் நீர் கோத்திருப்பதையும், முழங்காலின் பின்புறத்தில் தோன்றும் நீர்க்கட்டியையும், தோள் மூட்டின் தசைநார் கிழிந்திருப்பதையும் இது காட்டும். கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. ஆனால் எலும்பின் உட்புறத்தை இதனால் காண இயலாது.

சி.டி. ஸ்கேன்: எக்ஸ்ரே கதிர்களைப் பல கோணங்களில் செலுத்திக் கணினியின் உதவியால் குறுக்குவெட்டுப் படங்கள் அமைக்கும் முறை. 1971ஆம் ஆண்டு லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. டிராக்டர் கவிழ்ந்தோ, மரத்திலிருந்து விழுந்தோ எலும்பு பல துண்டுகளாக முறிந்திருக்கும்போது இது மிகவும் பயன்படும். சாதாரணத் தேய்மானத்துக்கு இது வேண்டுவதில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: இதில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. பலம் வாய்ந்த காந்தத்தினுள் நோயாளியைக் கிடத்தி, வானொலி அலைகளைச் செலுத்தி, சரீரத்திலுள்ள நீரின் அணுக்கள் திருப்பியனுப்பும் சைகைகளைப் படமாக்குகிறார்கள். சாதாரணமாக உபயோகத்திலுள்ள 1.5 டெஸ்லா யந்திரத்தின் காந்த சக்தி, திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் பூமியின் காந்த சக்தியைப் போல் 30,000 மடங்குக்கு மேற்பட்டது. குருத்தெலும்பு, பிறைத் தட்டுகள், பிணைப்பு நார்கள், எலும்பின் உட்பகுதி ஆகிய எல்லாவற்றையும் இது தெளிவாகக் காட்டும். எக்ஸ்ரேயில் தென்படாத நுண்ணிய முறிவும் இதில் தெரியும்.

4. படம் சொல்வதும் சொல்லாததும்

மிகுந்த விவரங்களைக் காட்டும் படமே மிகச் சிறந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மிகுந்த விவரங்கள் காட்டப்படும்போது, வலிக்குக் காரணமல்லாதவையும் சேர்ந்தே காட்டப்படுகின்றன. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து ஆராய்ந்த முடிவுகள் 2008ஆம் ஆண்டில் வெளியாயின. முழங்காலின் பிறைத் தட்டு கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு அதற்கு முந்திய மாதத்தில் வலியோ விறைப்போ இருக்கவில்லை. அதாவது, ஐம்பது வயதைக் கடந்தவரின் படத்தில் "கிழிசல்" என்று எழுதியிருப்பதைக் கொண்டே அவருடைய வலிக்கு அக்கிழிசல்தான் காரணம் என்று தீர்மானிக்க முடியாது. தலைமயிர் நரைப்பதைப் போல அதுவும் வயதின் அடையாளமாயிருக்கலாம்.

தேய்மானமுற்ற முழங்காலில் சிறு துளை வழியாகக் குழாய் செலுத்திச் சுத்தம் செய்யும் அறுவைச் சிகிச்சையின் பயனை அறிய, அமெரிக்காவில் 180 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தோலை மட்டும் கீறித் தைக்கப்பட்டவர்களுக்கும், உண்மையாகவே சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலி குறைந்ததில் வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே படத்தைக் கண்டு பயந்து உடனே அறுவைக்கு உடன்படுவது விவேகமாகாது.

மண் பரிசோதனையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் எவ்வளவு உள்ளன என்று பரிசோதனைச் சாலை தெரிவிக்கும். எந்தப் பயிருக்கு, எந்தப் பட்டத்தில், எவ்வளவு உரமிடுவது என்பதை, நிலத்தையும் பயிரையும் நேரில் கண்டவரே தீர்மானிக்க முடியும். ஸ்கேன் அறிக்கையும் அத்தகையதே. முதலில் வைத்தியர் மூட்டைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்து, "இதுவா, அதுவா" என்ற ஐயம் ஏற்பட்ட பிறகு, அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காக எடுக்கப்படும் படமே பயனுள்ளது. படத்தின் முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், அப்படத்துக்குச் செலவிடுவது வீண்.

மூட்டு வலியில் சில வகைகளுக்குப் படத்தைவிட இரத்தப் பரிசோதனையே முக்கியமாகும். காலையில் எழுந்தவுடன் இரு கைகளின் விரல் மூட்டுகளும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாயிருக்கலாம். திடீரென்று ஓரிரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கினால் யூரிக் அமிலம் மிகுந்ததாயிருக்கலாம். மழைக்காலத்தில் கொசுக்களால் பரவும் சிக்குன்குனியா ஜுரத்துக்குப் பின் மூட்டு வலி பல வாரங்கள் நீடிப்பதுண்டு. இவற்றைத் தேய்மானம் என்று எண்ணி இருந்துவிடலாகாது. முக்கியமாக, முடக்குவாதத்துக்குத் தக்க மருந்தைத் தொடக்கத்திலேயே உட்கொண்டால் மூட்டு கோணிப் போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

5. எவற்றுக்குக் காத்திருக்கலாகாது

நடவு எவ்வளவு அவசரமாயிருப்பினும், கீழ்க்கண்ட குறிகளில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

(அ) ஒரு மூட்டு மட்டும் சிவந்து, சுட்டு, வீங்கி, ஜுரமும் காணுதல். சேற்றில் முள்ளோ ஓடோ குத்திய காயத்தின் வழியாகக் கிருமிகள் மூட்டினுள் புகுந்திருக்கலாம். சீழ் பிடித்த மூட்டின் குருத்தெலும்பு சில நாட்களுக்குள்ளேயே அழிந்துவிடும்.

(ஆ) வரப்பில் வழுக்கி விழுந்த பின் காலை ஊன்ற முடியாமை. வயோதிகர்களுக்கு முதல் எக்ஸ்ரேயில் முறிவு தென்படாவிட்டாலும், இடுப்பு வலி தொடருமாயின் மறுபடியும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. இத்தகைய சமயத்தில் மிகவும் உதவும்.

(இ) முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமை.

(ஈ) முதுகு வலியோடு இரு கால்களும் மரத்துப் போதல், சிறுநீர் பிரியாமை அல்லது தானே கழிதல். இதில் தாமதிப்பது நிரந்தர முடத்தை விளைவிக்கக்கூடும்.

(உ) தேங்கிய நீரில் வேலை செய்த சில நாட்களில் கடும் ஜுரமும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் காணுதல். இது மூட்டு நோயன்று. எலி மூத்திரத்தால் பரவும் ஜுரமாயிருக்கலாம். உடனே சிகிச்சை வேண்டும்.

6. வேலைக் காலத்தோடு பரிசோதனையைப் பொருத்துதல்

மேற்கண்ட குறிகள் இல்லாத, மெல்ல மெல்ல வளர்ந்த வலிக்கு ஒரு மாதம் முன்பின்னாகப் படமெடுப்பதால் கெடுதியில்லை. ஆனால் நாள் குறிக்காமல் தள்ளிப் போடுவதில்தான் கெடுதி உண்டு. ஆகையால் பயிர்த் திட்டம் வகுக்கும்போதே பரிசோதனைக்கும் நாள் வகுத்துக்கொள்ள வேண்டும்.

நாற்றங்கால் விட்ட பிறகு, நாற்று முதிர்வதற்கு முன் உள்ள நாட்களில் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தாலுகா ஆஸ்பத்திரிக்கோ சென்று வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ. வேண்டுமென்று அவர் கருதினால், அதற்கான தேதியை நடவு முடிந்த பின் வருமாறு கேட்டுப் பெறலாம். நட்ட நாளிலிருந்து முதற் களையெடுப்பு வரையில் சாதாரணமாக 15 முதல் 20 நாட்கள் இடைவெளி கிடைக்கும். தண்ணீர் பார்ப்பதை ஒரு நாளைக்கு வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்று வர இதுவே தகுந்த சமயம். தீபாவளி விடுமுறையையும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் மழையால் பாதைகள் தடைப்படக்கூடும் என்பதையும் கருதித் தேதியைத் தெரிந்தெடுக்க வேண்டும். இந்த இடைவெளியைத் தவறவிட்டவர்களுக்கு, மேலுரமும் களையும் முடிந்து கதிர் முற்றும் மார்கழி மாதத்தில் மறுபடியும் ஓய்வு கிடைக்கும்.

இடைப்பட்ட காலத்தில் ஒரு காரியம் செய்வது மிகவும் பயனளிக்கும். எந்த வேலையின்போது வலி வந்தது, மூட்டின் எந்தப் பக்கத்தில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, மறு நாள் வீக்கம் கண்டதா என்பவற்றைக் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தில் தேதியோடு குறித்து வர வேண்டும். வைத்தியருக்கு இக்குறிப்பு, படத்துக்கு நிகராக உதவும்.

நடவுக் காலத்தைக் கடப்பதற்காக, சீட்டில்லாமல் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குவது மிக ஆபத்தானது. அவை இரைப்பையில் புண் உண்டாக்குவதோடு மூத்திரக்காய்களையும் கெடுக்கக்கூடியவை. வெயிலில் வேர்த்து நீர் குறைந்த சரீரத்திலும், இரத்த அழுத்த நோய் உள்ளவர்களிடத்திலும் இக்கெடுதல் அதிகம். "ஒரே ஊசியில் வலி போகும்" என்று சொல்லிப் போடப்படும் ஊசிகளிலும், பேரில்லாத பொடிகளிலும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதுண்டு. அதனால் வலி மறைந்தாலும் எலும்பு மெலியும். சர்க்கரை நோய் மிகும். வலியை மறைத்துக்கொண்டு மூட்டை உழைப்பது மேலும் தேய்மானத்துக்கே வழியாகும்.

7. ஸ்கேன் எடுக்கும் நாளில்

எம்.ஆர்.ஐ. அறையின் காந்தம் எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும். இரும்புப் பொருள் எதுவாயினும் அம்புபோல் இழுக்கப்படும். ஆகையால் மடியிலுள்ள சூரிக் கத்தி, அரைஞாணில் முடிந்த சாவி, ஊக்கு, கொண்டை ஊசி, கைக்கடிகாரம், கைப்பேசி, வங்கி அட்டை ஆகியவற்றை வெளியே வைத்துவிட வேண்டும். வெள்ளி அரைஞாண், தாயத்து, கொலுசு, மெட்டி, மூக்குத்தி முதலியவற்றை முதல் நாளே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவது உத்தமம். சில திருகாணிகள் ஆஸ்பத்திரியில் எளிதில் கழலுவதில்லை. தாலியைக் கழற்றத் தயங்கும் ஸ்திரீகள், மஞ்சள் துண்டு முடிந்த மஞ்சள் கயிற்றை அன்றைக்கு அணிந்து வரலாம்.

இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், மூளை இரத்தக் குழாயில் கிளிப்பு வைத்தவர்கள், எலும்பில் தகடு அல்லது ஆணி உள்ளவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பட்டறையில் இரும்பு அறுக்கும்போதோ பற்றவைக்கும்போதோ எப்பொழுதாவது கண்ணில் இரும்புத் தூள் விழுந்திருந்தால் அதையும் மறைக்கலாகாது. அது கண்ணினுள் அசைந்து பார்வையைக் கெடுக்கக்கூடும்.

முழங்கால் படத்துக்குப் பட்டினி இருக்க வேண்டிய அவசியம் சாதாரணமாக இல்லை. யந்திரத்தினுள் 20 முதல் 45 நிமிஷம் வரையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை இடைவிடாமல் கேட்கும். காதுக்கு அடைப்புக் கொடுப்பார்கள். வலியோ பயமோ ஏற்பட்டால் அழைப்பதற்குக் கையில் ஒரு பொத்தானும் கொடுப்பார்கள். அசைந்தால் படம் கலங்கிப் போகும். பயத்தைத் தணிக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் அன்றைய தினம் டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டலாகாது. மற்றபடி படமெடுத்ததற்காக ஓய்வெடுக்க வேண்டியதில்லை. ஆனால் மூட்டில் ஊசி குத்தி நீர் எடுத்திருந்தாலும், மருந்து செலுத்தியிருந்தாலும், வைத்தியர் குறிப்பிடும் நாள் வரையில் சேற்று நீரில் இறங்கலாகாது.

படத்தையும் அறிக்கையையும் பட்டா, சிட்டா முதலிய பத்திரங்களைப் போலவே பாதுகாக்க வேண்டும். ஈரத்தில் படச் சுருள் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷத்து அடங்கலை மட்டும் கண்டு நிலத்தின் வரலாற்றை அறிய முடியாதது போலவே, ஒரு படத்தைக் கொண்டு நோயின் போக்கை அறிய இயலாது. பழைய படம் கையிலிருந்தால் வேகமாகத் தேய்கிறதா, நிலைத்து நிற்கிறதா என்பது விளங்கும். புதுச் செலவும் மிச்சமாகும்.

8. செலவும் கிராம அதிகாரிகளின் கடமையும்

தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சி.டி., எம்.ஆர்.ஐ. நிலையங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்தி வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதில் சேருவதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எந்தப் பரிசோதனையும் எந்தச் சிகிச்சையும் இதில் அடங்கும் என்பதை, ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு உதவியாளரிடம் படமெடுப்பதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும்.

இத்திட்டத்துக்கு வருமானச் சான்று தேவைப்படுகிறது. நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்த பின் சான்றுக்கு அலைவது பெருந்துன்பம். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் நடவு தொடங்குவதற்கு முன்பே தகுதியுள்ள குடும்பங்கள் அட்டை பெற்றிருக்கின்றனவா என்று விசாரித்து உதவினால் அது பேருபகாரமாகும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 5ஆம் தேதி தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், நடக்க இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு உண்டு. தங்கள் கிராமத்தில் அது யாருக்குத் தேவை என்பதைச் சுகாதாரப் பணியாளருக்குத் தெரிவிப்பதும் இவ்வதிகாரிகளால் எளிதில் ஆகக்கூடிய காரியம்.

9. படமெடுத்த பிறகு

தேய்மானம் என்று தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதற் சிகிச்சை அறுவையன்று, பயிற்சியே. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டி, மெல்ல ஐந்து எண்ணும் வரையில் நிறுத்திப் பின் இறக்குவதைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்தால் தொடையின் முன் தசை வலுப்படும். அத்தசை வலுப்பட்டால் மூட்டின் பாரம் குறையும். கனத்த சரீரமுடையவர்கள் ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் இறங்கும் பாரத்தில் நான்கு கிலோ குறைவதாக 2005ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி கண்டிருக்கிறது. இவற்றாலும் வலி தீராமல், நடப்பதும் உறங்குவதும் கெட்டுப் போனவர்களுக்கே மூட்டு மாற்று அறுவை உரியது.

வேலை முறையையும் மாற்ற வேண்டும். நாற்றுப் பறிப்பவர்கள் உட்காருவதற்குத் தாழ்ந்த முக்காலியோ கவிழ்த்த கூடையோ கொடுக்கலாம். ஒருவரே நாள் முழுவதும் குனிந்து நடாமல், பறிப்பும் முடி சுமப்பும் நடவும் மாற்றி மாற்றிச் செய்ய வகை செய்யலாம். வரிசை நடவு செய்த வயலில் கோனோ களைக்கருவியை நின்றுகொண்டே தள்ளிக் களையெடுக்கலாம். நடவு யந்திரம் வாடகைக்குக் கிடைக்குமிடங்களில், முழங்கால் நோயுள்ளவர்களின் பங்கை அதற்கு விடலாம். மூட்டையை ஒருவர் தூக்குவதற்குப் பதிலாக இருவர் தூக்குவதாலும், தள்ளுவண்டியை உபயோகிப்பதாலும் செலவு பெரிதாக ஏறிவிடாது.

சம்பா நாற்று ஒரு வாரம் முதிர்ந்தால் மகசூல் குறையுமென்று குடியானவர்கள் நன்கு அறிவர். அதற்காக நாட்களை எண்ணி வேலை செய்கிறார்கள். அதே கணக்கில் வைத்தியரைக் காண ஒரு நாளையும், வேண்டுமாயின் படமெடுக்க ஒரு நாளையும் சேர்த்து எண்ணிக்கொண்டால் நடவும் கெடாது, மூட்டும் கெடாது. குறைந்த மகசூலை அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். தேய்ந்த குருத்தெலும்புக்கு அடுத்த போகம் இல்லை. ஆகையால் இப்பருவத்தில் மூட்டு வலியுள்ள ஒவ்வொருவரும், முதலில் வைத்தியரும் பின்னர் படமும் என்ற முறையைக் கடைப்பிடித்து நலம் பெறுவார்களாக.